காது மந்தமான அப்பா, ஏழாவது படிக்கிற மகள், ஒரே டிவி: இந்த வாரம் வீட்டில் என்ன படம் போடலாம்?

வைகைக்கரை | 20 நவம்பர் 2025, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். ஒரு யோசனை வேண்டும்.

கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து அப்பா ஒரு மாதமாக எங்களோடு மதுரையில் இருக்கிறார். சொட்டு மருந்தெல்லாம் முடிந்தது, இனி டிவி பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கண் தெளிந்துவிட்டது. காதுதான் பழைய பிரச்சினை. வலது காது சுத்தமாக மந்தம், இடது காதில் பாதி கேட்கும். மிஷின் வாங்கிக் கொடுத்தோம். "காதுக்குள்ள கரப்பான் ஊர்ற மாதிரி இருக்கு" என்று கழற்றி பீரோவில் வைத்துவிட்டார்.

போன ஞாயிறு நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்தோம். ஊரே புகழ்ந்த ஒரு த்ரில்லர் சீரீஸ். பத்தாவது நிமிடம் ஒரு காட்சி வந்தது பாருங்கள். நான் ரிமோட்டைத் தேடுகிறேன், அது மகளின் தலையணைக்கு அடியில் கிடக்கிறது. அப்பா மெதுவாக எழுந்து, "குழாய்ல தண்ணி வருதான்னு பார்த்துட்டு வர்றேன்" என்று பின்பக்கம் போனார். எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் விடவே மாட்டார்கள். அது அவருக்கும் தெரியும்.

என்னிடம் நெட்ஃபிளிக்ஸ், ப்ரைம், ஜியோ ஹாட்ஸ்டார் மூன்றும் இருக்கிறது. புதிதாக வந்ததில், நாலு பேரும் எழுந்து போகாமல் பார்க்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள். இன்னொன்று: தமிழ்ப் படத்துக்குத் தமிழிலேயே எழுத்து ஓடவிட வழி உண்டா? நான் திறந்து பார்த்த ஏழெட்டுப் படத்திலும் ஆங்கிலம்தான் ஓடுகிறது. அப்பாவுக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும், அவ்வளவுதான்.

இராப்பணி | 20 நவம்பர், இரவு 10.42

சரியான நாளில் கேட்டீர்கள். நாளைக்கு நெட்ஃபிளிக்ஸில் பைசன் வருகிறது. துருவ் விக்ரம், மாரி செல்வராஜ். தீபாவளிக்கு அக்டோபர் 17 அன்று தியேட்டரில் வந்தது. அதே நாளில் வந்த டியூட் போன வாரமே, 14ஆம் தேதியே, அங்கே வந்துவிட்டது. தனுஷின் இட்லி கடை அக்டோபர் 29 முதல் இருக்கிறது. ஜியோ ஹாட்ஸ்டாரில் லோகா தமிழ் டப்பிங், பேட் கேர்ள். ப்ரைமில் காந்தாரா சாப்டர் 1, கூலி, மதராஸி. நாளைக்கே ப்ரைமில் தி ஃபேமிலி மேன் மூன்றாவது சீசனும் வருகிறது.

நான் இரவு வேலைக்காரன். காலை ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து, எல்லோரும் எழுவதற்குள் காதில் ஹெட்போன் மாட்டி முக்கால்வாசியைப் பார்த்து முடித்துவிட்டேன். இதில் நாலு பேரும் சேர்ந்து பார்க்கக்கூடியது என்று அடித்துச் சொன்னால் இட்லி கடைதான். பாங்காக்கில் பெரிய வேலையில் இருக்கிறவன் ஊருக்குத் திரும்பி அப்பாவின் இட்லிக் கடையை எடுத்து நடத்துகிறான். ராஜ்கிரண் அப்பா. கதை எங்கே போகும் என்று இடைவேளைக்கு முன்பே உங்கள் மகள் சொல்லிவிடுவாள், ஆனால் யாரும் தண்ணீர் பார்க்கப் போகமாட்டார்கள்.

நாஞ்சில் கொடி | 20 நவம்பர், இரவு 11.05

லோகாவுக்கு என் ஓட்டு. கல்யாணி பிரியதர்ஷன் நடித்தது. கள்ளியங்காட்டு நீலி கதையை எடுத்து பெங்களூருக்குக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். அந்த நீலி எங்கள் நாஞ்சில் பக்கத்துக்காரி, கேரளத்துக்காரர்கள் மட்டும் சொந்தம் கொண்டாட முடியாது. இருட்டிய பிறகு யாராவது சுண்ணாம்பு கேட்டால் கையால் கொடுக்காதே, கத்தி நுனியில் வைத்துக் கொடு என்று என் ஆச்சி சொல்லுவாள். படம் பார்க்கும்போது எனக்கு அந்தச் சுண்ணாம்பு ஞாபகம்தான். கொஞ்சம் ரத்தம் உண்டு. ஏழாவது படிக்கிற பெண் தாங்குவாள், உங்கள் அப்பா தாங்குவாரா என்பதுதான் கேள்வி.

பைசனை மகளோடு பார்க்கலாமா என்று யாராவது கேட்டால் என் பதில்: முதலில் நீங்கள் பாருங்கள். நல்ல படம். மணத்தி கணேசன் என்ற கபடி வீரரின் வாழ்க்கையை ஒட்டி எடுத்தது. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய இந்திய அணியில் ஆடியவர், அர்ஜுனா விருது பெற்றவர். ஆனால் அரிவாள் நிறைய. தியேட்டரில் என் பக்கத்து சீட் பையன் பாதிப் படம் அம்மா முந்தானைக்குள்தான் இருந்தான்.

வைகைக்கரை | 20 நவம்பர், இரவு 11.20

நன்றி. மகள் ஒரு பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள், ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் கடைசி சீசன். வகுப்பில் எல்லோரும் பார்க்கிறார்களாம். சரியா?

இராப்பணி | 20 நவம்பர், இரவு 11.58

அது வருகிற 27ஆம் தேதி காலையில் நம் ஊருக்கு வரும். ஒரே மூச்சில் விடவில்லை. முதல் பங்கு இப்போது, அப்புறம் கிறிஸ்துமஸ் சமயம், கடைசி அத்தியாயம் புத்தாண்டுக்கு. "எல்லோரும் பார்க்கிறார்கள்" என்பதை நம்பாதீர்கள், என் அக்கா மகனும் இதையேதான் சொன்னான். முதல் நான்கு சீசன் பார்க்காமல் ஐந்தாவதில் உட்கார்ந்தால் ஒன்றும் புரியாது. அதுவே நல்ல சாக்கு.

எந்தப் படம், சீரீஸ் போட்டாலும் தொடங்கும்போது திரையின் மூலையில் ஒரு குறி வரும்: யு, யு/ஏ 7+, 13+, 16+, ஏ. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஓடிடிக்காரர்களே போட்டுக்கொள்கிற வகைப்பாடு அது. பக்கத்திலேயே வன்முறை, கெட்ட வார்த்தை என்று காரணமும் இருக்கும். நாம்தான் அந்த ஐந்து நொடியில் முறுக்கு டப்பாவைத் திறந்துகொண்டிருப்போம்.

பழைய புரொஜக்டர் | 21 நவம்பர், காலை 6.30

நான் சேலம் பக்கம் ஒரு தியேட்டரில் இருபத்திரண்டு வருடம் ஆபரேட்டராக இருந்தவன். ஒரு விஷயம் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. அக்டோபர் 17 தீபாவளி ரிலீஸ், நவம்பர் 14 வீட்டில். நான்கு வாரம். எங்கள் காலத்தில் நான்கு வாரத்தில் படப் பெட்டி இரண்டாவது ஊருக்கே போயிருக்காது. அப்பாவைத் தியேட்டருக்குக் கூட்டிப் போங்கள் தம்பி. அங்கே சத்தம் அவர் காதுக்கும் கேட்கும்.

கணக்குப்பிள்ளை | 21 நவம்பர், காலை 7.15

ஐயா, கேட்கும், ஒப்புக்கொள்கிறேன். நாலு டிக்கெட், வண்டி நிறுத்த, இடைவேளையில் பாப்கார்ன், வரும் வழியில் ஹோட்டல். இரண்டாயிரத்தை எடுத்து வைத்துவிட்டுத்தான் வீட்டைப் பூட்ட வேண்டும். எழுபது வயதுக்காரர் படத்துக்கு நடுவில் இரண்டு தடவை பாத்ரூம் போக வேண்டும், இருட்டில் படி தெரியாது. வீட்டில் பாஸ் பண்ணிக்கொள்ளலாம்.

பழைய புரொஜக்டர் | 21 நவம்பர், காலை 7.40

அந்தப் படி விஷயம் உண்மைதான். எங்கள் தியேட்டரில் டார்ச் வைத்துக்கொண்டு ஒரு ஆள் நிற்பான். அந்த வேலையே இப்போது இல்லை.

இராப்பணி | 21 நவம்பர், காலை 8.05

நான்கு வாரக் கதை சும்மா வந்ததில்லை. கதை ஓடிடிக்கும் முன்னால் தொடங்குகிறது. 2013 ஜனவரியில் கமல் விஸ்வரூபத்தைத் தியேட்டருக்கு முந்தின நாளே டிடிஎச்சில், அதாவது வீட்டு டிஷ் டிவியில், விடப் போகிறேன் என்றார். தியேட்டர்காரர்கள் கொதித்தார்கள், அது நடக்கவில்லை. அப்புறம் தடை, வழக்கு என்று படம் வேறு பிரச்சினையில் மாட்டி, பிப்ரவரி 7ஆம் தேதிதான் தமிழ்நாட்டில் வந்தது. அன்றைக்கு அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. ஏழு வருடம் கழித்து ஊரடங்கு வந்தது, 2020 மே 29 அன்று பொன்மகள் வந்தாள் நேராக ப்ரைமில். தியேட்டர்காரர்கள் மறுபடி கொதித்தார்கள், இந்த முறை படம் வந்தேவிட்டது. அதே வருடம் நவம்பரில் சூரரைப் போற்று. அது ஐந்து தேசிய விருது வாங்கியதும் எல்லோருக்கும் வாயடைத்துப்போனது.

தியேட்டர் திறந்த பிறகு பேசி முடித்த சமரசம்தான் தமிழில் நான்கு வாரம். இந்தியில் எட்டு வாரம். வடக்கே பெரிய மல்டிபிளெக்ஸ் கம்பெனிகள் எட்டு வாரம் இல்லை என்றால் இந்தி டப்பிங் படத்துக்குத் திரை தருவதில்லை. 2023இல் லியோவின் இந்திப் பதிப்பு அங்கே இப்படித்தான் சிக்கியது. இப்போது நல்ல உதாரணம் காந்தாரா. அக்டோபர் 2 ரிலீஸ். கன்னடம், தமிழ், தெலுங்கு, மலையாளத்தில் அக்டோபர் 31 அன்றே ப்ரைமுக்கு வந்துவிட்டது. இந்தி மட்டும் இல்லை. எட்டு வாரம் எண்ணிப் பாருங்கள், வருகிற 27ஆம் தேதி. ஒரே படம், மொழிக்கு ஒரு நாள் கணக்கு.

வெள்ளவத்தை வாசி | 21 நவம்பர், முற்பகல் 10.20

எங்கட அம்மம்மாவுக்கும் இதே காதுப் பிரச்சினைதான். ஆறு மாதத்துக்கு முன்னம் டூரிஸ்ட் ஃபேமிலி போட்டுக் காட்டினோம். சசிகுமார், சிம்ரன், புது இயக்குநர். இலங்கையில் பிழைக்க வழியில்லாமல் ராமேஸ்வரத்தில் கள்ளத்தனமாக வந்து இறங்கிற குடும்பத்தின்ட கதை. மே 1 தியேட்டர், ஜூன் 2 ஹாட்ஸ்டார். கதைக்கிற விதம் எங்களுக்குக் கொஞ்சம் இடறும், யாழ்ப்பாணமும் இல்லை, மட்டக்களப்பும் இல்லை, மெட்ராஸில் செய்த யாழ்ப்பாணம். ஆனால் அம்மம்மா அழுது முடித்து, "அந்தப் பிள்ளையளுக்கு ஒரு வீடு கிடைச்சுதோ?" என்று இரண்டு தரம் கேட்டா. உங்கட மகளுக்கும் பொருந்தும், அதில் குட்டிப் பெடியன் ஒருத்தன் வருவான், அவன்தான் படமே.

ஃபேமிலி மேன் பற்றி மேலே எழுதியிருந்தார்கள். இரண்டாவது சீசனில் ஈழத் தமிழரைக் காட்டின விதத்துக்காக 2021இல் தமிழக அரசே மத்திய அமைச்சருக்குக் கடிதம் எழுதித் தடை கேட்டது ஞாபகம் இருக்கும். நான் அதோடு விட்டுவிட்டேன். மூன்றாவது நாகாலாந்துப் பக்கம் போகிறதாம். போகட்டும்.

ஒலிப்பெட்டி | 21 நவம்பர், பிற்பகல் 2.15

படம் எது என்பதை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நான் சென்னை ரிச்சி தெருவில் பதினைந்து வருடமாக ஸ்பீக்கர் விற்கிறேன், காது விஷயம் மட்டும் சொல்கிறேன்.

"சத்தம் பெருசா இருக்கு, வசனம் மட்டும் கேக்கல" என்று வாரத்துக்கு நாலு பேர் கடைக்கு வருகிறார்கள், அதில் பாதிப் பேருக்குக் காது நன்றாகவே இருக்கிறது. காரணம் இதுதான். தியேட்டருக்காக ஒலியை ஆறு பங்காகப் பிரித்துக் கலக்கிறார்கள்: முன்னால் இடம், வலம், நடு, பக்கவாட்டில் இரண்டு, அடி அதிர்வுக்கு ஒன்று. வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான். உங்கள் டிவியில் இருப்பது இரண்டு சின்ன ஸ்பீக்கர், அதுவும் தரையைப் பார்த்துக்கொண்டு. ஆறையும் இரண்டுக்குள் திணிக்கும்போது வசனத்தின் மேல் இசை ஏறி உட்கார்ந்துவிடுகிறது. நீங்கள் வால்யூமை ஏற்றுவீர்கள், அடுத்த காட்சியில் வெடி வெடிக்கும், பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.

முதலில் காசில்லாத வைத்தியம். படம் ஓடும்போது ஆடியோ என்று ஒரு பட்டன் இருக்கும். அதில் தமிழ் என்றும் தமிழ் 5.1 என்றும் இரண்டு இருந்தால் வெறும் தமிழைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் டிவியின் சவுண்டு செட்டிங்கில் 'சினிமா'வை விட்டுவிட்டுச் செய்திக்கோ பேச்சுக்கோ இருக்கிற மோடுக்கு மாற்றுங்கள். பெயர் ஒவ்வொரு டிவியிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். 'நைட் மோட்' இருந்தால் அதையும் போடுங்கள், அது பெரிய சத்தத்தை அமுக்கிச் சின்னதைத் தூக்கும்.

காசு செலவழிக்கத் தயார் என்றால் அப்பாவுக்குக் கழுத்தில் மாட்டுகிற ப்ளூடூத் நெக்பேண்ட். ஒரு சிக்கல் உண்டு. நிறைய டிவியில் ப்ளூடூத்தை இணைத்த உடனே டிவி ஸ்பீக்கர் ஊமையாகிவிடும், அவர் மட்டும் கேட்பார், நீங்கள் மூன்று பேரும் பேந்தப் பேந்த முழிப்பீர்கள். இரண்டும் சேர்ந்து ஒலிக்கிற வசதி உங்கள் டிவியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் பின்னால் ஆப்டிகல் என்று ஒரு துளை இருக்கும், அதில் ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டர் சொருகி அதிலிருந்து நெக்பேண்டுக்கு அனுப்பலாம். பல டிவிகளில் அப்போது ஸ்பீக்கரும் ஓடும். உதடு முன்னே, சத்தம் பின்னே என்று வந்தால் டிவி செட்டிங்கில் தாமதத்தைச் சரி செய்யலாம்.

அதற்கும் முன்னால் ஒன்று. இடது காதில்தானே பாதி கேட்கிறது? சோபாவில் அவரை எங்கே உட்கார வைக்கிறீர்கள்?

வைகைக்கரை | 21 நவம்பர், பிற்பகல் 2.50

இடது ஓரத்தில். சுவரை ஒட்டி. ஐயோ. இடது காது சுவரைப் பார்த்துக்கொண்டு, கேட்காத காது டிவி பக்கம்.

ஒலிப்பெட்டி | 21 நவம்பர், பிற்பகல் 2.58

நாற்காலியை மாற்றுங்கள். இதற்குக் காசு வேண்டாம்.

நாஞ்சில் கொடி | 21 நவம்பர், மாலை 4.30

அருமை. அப்படியானால் படம் தேர்ந்தெடுப்பதிலும் காதைப் பார்க்க வேண்டும். எல்லோரும் மெய்யழகன் என்பார்கள். எனக்கு உயிர் அந்தப் படம். ஆனால் முழுக்க முழுக்க இரவெல்லாம் இரண்டு பேர் உட்கார்ந்து பேசுகிற படம். அந்தப் பேச்சு கேட்கவில்லை என்றால் அப்பாவுக்கு இரண்டு ஆம்பிளைகள் மூன்று மணி நேரம் பாயில் உட்கார்ந்திருப்பதுதான் தெரியும். நெக்பேண்ட் வாங்கிய பிறகு போடுங்கள்.

மாரீசன் வேண்டாம். வடிவேலு முகத்தைப் பார்த்து நம்பிப் போடுவீர்கள். முதல் பாதி ஜாலியாகப் பயணம் போகும், இரண்டாம் பாதி குழந்தையோடு பார்க்கிற இடத்தில் இல்லை. நல்ல படம்தான், பெரியவர்கள் பாருங்கள். மகாராஜாவுக்கும் இதேதான்.

மகளுக்கு என்றே சொன்னால் ராமின் பறந்து போ. ஜியோ ஹாட்ஸ்டாரில் ஆகஸ்டிலிருந்து இருக்கிறது. அடம்பிடிக்கிற ஒரு பையன், கடன்கார அப்பா, பைக்கில் ஊர் ஊராகப் போகிறார்கள். ராம் படம் என்றதும் கைக்குட்டை எடுத்து வைத்தேன், சிரித்தே தீர்ந்துபோனது.

கணக்குப்பிள்ளை | 21 நவம்பர், மாலை 6.10

ஜீ5 உங்கள் பட்டியலில் இல்லை. ஒரு மாதத்துக்கு மட்டும் போட்டு அயலியைப் பார்த்துவிடுங்கள். எட்டு எபிசோடு, 2023 குடியரசு தினத்தன்று வந்தது. புதுக்கோட்டைப் பக்கம், தொண்ணூறுகள். வயதுக்கு வந்த உடனே கல்யாணம் என்று கட்டுப்பாடு வைத்திருக்கிற ஒரு கிராமம், டாக்டர் ஆக வேண்டும் என்கிற ஒரு பெண், அதற்காக அவள் ஊரிடம் மறைக்கிற ஒரு விஷயம். உங்கள் மகள் வயதுக்கு இதைவிடச் சரியான சீரீஸ் எனக்குத் தெரியாது. என் பொண்டாட்டி, மாமியார், மகள் மூன்று பேரும் ஒரே ராத்திரியில் பார்த்தார்கள். நான் மாவாட்டினேன். அதே ஜீ5இல் குடும்பஸ்தன் இருக்கிறது. மணிகண்டன், கோயம்புத்தூர், கடன். சம்பளக்காரன் எவனும் அதில் தன்னைப் பார்ப்பான்.

காசு விஷயம். நெட்ஃபிளிக்ஸ் மாதம் 149, 199, 499, 649 என்று நாலு திட்டம். 149 போனுக்கும் டேப்லெட்டுக்கும் மட்டும், டிவியில் ஓடாது. 199 டிவியில் ஓடும், ஒரு நேரத்தில் ஒரு திரை. ஒரே டிவி வீட்டுக்கு அது தாராளம். ப்ரைமில் இந்த ஜூன் 17 முதல் படத்துக்கு நடுவே விளம்பரம் உண்டு. வேண்டாம் என்றால் வருடத்துக்கு 699 அல்லது மாதம் 129 தனியாகக் கட்ட வேண்டும். நான் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்வதில்லை. இந்த மாதம் ஒன்று, அடுத்த மாதம் வேறொன்று. நான்கு வாரத்தில் எங்கும் எதுவும் கெட்டுப்போகாது.

ஒரு எச்சரிக்கை. ஒரு ஓடிடி, பெயர் வேண்டாம், எனக்குத் தெரியாமல் வருடச் சந்தாவைப் புதுப்பித்து 1,499 எடுத்துவிட்டான் என்று குதித்தேன். அப்புறம் பார்த்தால் முந்தின நாளே வங்கியிலிருந்து எஸ்எம்எஸ் வந்திருக்கிறது. தானாகப் பணம் எடுக்க ஒப்புக்கொடுத்தால், எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே சொல்ல வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதிலேயே ரத்து செய்கிற வழியும் இருக்கும். நான் லோன் விளம்பரம் என்று நினைத்து அழித்திருக்கிறேன்.

மட்டுறுத்துநர் | 21 நவம்பர், இரவு 9.00

பைசனுக்கு டெலிகிராம் சுட்டி போட்ட இடுகையை நீக்கியிருக்கிறேன். 2023 திருத்தச் சட்டத்தின்படி தியேட்டரில் திருட்டுத்தனமாகப் பிடிப்பதற்கும் பரப்புவதற்கும் குறைந்தது மூன்று மாதம் சிறை, மூன்று லட்சம் அபராதம். அதைவிட, அந்தப் பிரிண்டில் யாரோ ஒருவர் தலை கடைசிவரை மறைக்கும். இழை தொடரலாம்.

பழைய புரொஜக்டர் | 22 நவம்பர், காலை 6.45

தம்பி, ராத்திரி யோசித்தேன். கொட்டுக்காளி என்று ஒரு படம் ப்ரைமில் இருக்கிறது. சூரி, அன்னா பென். கூழாங்கல் எடுத்த வினோத்ராஜ் படம், பெர்லின் விழாவுக்கெல்லாம் போனது. படத்தில் பின்னணி இசையே கிடையாது. ஒரு சொட்டு கிடையாது. வசனத்தின் மேல் ஏறி உட்கார ஒன்றும் இல்லை. அதுவும் உங்கள் மதுரைப் பக்கத்துப் பேச்சு. அப்பாவுக்குப் பொருந்தும்.

இராப்பணி | 22 நவம்பர், காலை 7.30

ஐயா, தியேட்டர்காரராக இருந்துகொண்டு ஓடிடி படம் சிபாரிசு செய்கிறீர்கள்!

பழைய புரொஜக்டர் | 22 நவம்பர், காலை 7.52

தியேட்டரில்தான் பார்த்தேன். என்னைச் சேர்த்து ஒன்பது பேர்.

இராப்பணி | 22 நவம்பர், காலை 8.10

கொட்டுக்காளியின் முடிவு என்ன என்று அப்பா கேட்டால் மட்டும் என்னைத் திட்டக் கூடாது. என் ஓட்டு லப்பர் பந்துக்கு. தமிழரசன் பச்சமுத்து இயக்கியது. போன வருடம் செப்டம்பரில் வந்தது, தீபாவளியிலிருந்து ஹாட்ஸ்டாரில். புதுசு இல்லைதான், ஆனால் ஒரு வருடம் ஆகியும் என் வீட்டில் மாதம் ஒரு தடவை ஓடுகிறது. மாமனாருக்கும் மருமகனாகப் போகிறவனுக்கும் ரப்பர் பந்து கிரிக்கெட்டில் ஜென்மப் பகை. ஜாதியைப் பற்றியும் பேசும், பிரசங்கம் பண்ணாது.

வைகைக்கரை | 24 நவம்பர், காலை 9.15

ஊருக்கே நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் நாற்காலி. அப்பாவை வலது ஓரத்துக்கு மாற்றினோம், இடது காது இப்போது நேராக டிவி பக்கம். தமிழ் 5.1 என்று இருந்ததை வெறும் தமிழாக மாற்றினேன். என் டிவியில் பேச்சுக்கான மோடு 'ஸ்பீச்' என்று இல்லை, 'கிளியர் வாய்ஸ்' என்று மூன்று மெனுவுக்கு உள்ளே இருந்தது. வால்யூம் 38இல் வைத்துக்கொண்டிருந்தது 24க்கு இறங்கியது.

சனிக்கிழமை கொட்டுக்காளி. மகள் இருபது நிமிடத்தில் தூங்கிவிட்டாள். மனைவி பார்த்தாள், மனசு கனத்துப்போய் ஒன்றும் பேசவில்லை. அப்பா அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஷேர் ஆட்டோவில் சேவலைக் கட்டிக்கொண்டு போகிறார்கள், வழியில் ஒரு இடத்தில் மாடு மறிக்கும், அங்கே அவர், "இது நம்ம சைடு ரோடுதான்டா" என்றார். எந்த ஊர் என்று கேட்டேன், சொல்லவில்லை. படம் முடிந்து எழுத்து ஓட ஆரம்பித்தது. திரும்பிப் பார்த்து, "கரண்ட் போயிருச்சா?" என்று கேட்டார். முடிஞ்சிருச்சுப்பா என்றேன். "முடிஞ்சிருச்சா? அந்தப் புள்ள என்னாச்சு?" எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல. புரொஜக்டர் ஐயா, ஞாயிறு காலை இட்லி சாப்பிடும்போதும் கேட்டார்.

ஞாயிறு லப்பர் பந்து. இதில் மகள் தூங்கவில்லை, ஒவ்வொரு சிக்ஸருக்கும் சோபாவில் நின்றாள். பாதி வசனம் அப்பாவுக்குப் போய்ச் சேரவில்லை, அது தெரிந்தது. எல்லோரும் சிரிக்கும்போது எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு நொடி தள்ளிச் சிரிப்பார். நெக்பேண்ட் வாங்கத்தான் வேண்டும். அப்புறம் அந்த விஜயகாந்த் பாட்டு வந்தது, பொன்மனச் செல்வன் படத்தில் வருமே, நீ பொட்டு வச்ச தங்கக்குடம். அந்த மாமனார், படத்தில் பெயர் கெத்து, பேட்டோடு நடந்து வருகிறார். அப்பா முதல் வரிக்கே தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டார். அந்தப் பாட்டு வரும்போதெல்லாம் எங்களுக்கு ஒரு நொடி முன்னால் அவருக்கு அடுத்த வரி தெரிந்தது. மகள் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், டிவியை இல்லை.

நடுவில் ஒரு தடவை பின்பக்கம் எழுந்து போனார். எனக்குப் பகீர் என்றது, எந்தக் காட்சிக்கு என்று திரும்பிப் பார்த்தேன். பாத்ரூமுக்குத்தான். "நிப்பாட்டி வை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒலிப்பெட்டி | 24 நவம்பர், காலை 11.40

மகிழ்ச்சி. நெக்பேண்ட் எடுக்கும்போது பட்டன் பெரிதாக இருப்பதாகப் பாருங்கள், டச் வேண்டாம். படம் போடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் சார்ஜ் போட்டுவிடுங்கள். அந்த பீரோவில் இருக்கிற மிஷினையும் தூக்கிப் போடாதீர்கள், வாங்கின இடத்தில் கொண்டுபோய்க் காட்டினால் காதுக்குள் போகிற ரப்பர் முனையை வேறு அளவுக்கு மாற்றித் தருவார்கள். பாதிப் பேருக்குக் கரப்பான் ஊர்வது அதனால்தான்.

வைகைக்கரை | 24 நவம்பர், பிற்பகல் 1.05

சனிக்கிழமை கூட்டிப் போகிறேன். அடுத்த ஞாயிறுக்கு இட்லி கடையா, டூரிஸ்ட் ஃபேமிலியா என்று வீட்டில் ஓட்டெடுப்பு நடந்தது. இரண்டுக்கு இரண்டு. அப்பா மூன்றாவதாக ஒன்று கேட்கிறார், பொன்மனச் செல்வன் எதில் இருக்கிறது என்று யாருக்காவது தெரியுமா?